அண்ணன் வளர்க்கச் சொன்ன கட்டி

என் அண்ணனுக்குச் சொந்த ஊர் பந்தல்குடி, வேலை லாரி ஓட்டுவது. அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டரம்மா ஒரு சம்மதப் படிவத்தோடு வந்தார். வெட்டியெடுக்கும் கட்டியில் ஒரு துணுக்கை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பார்களாம்.

“இது ஆராய்ச்சிதான். உங்க வைத்தியம் வழக்கம்போலதான் நடக்கும்,” என்று ஒளிக்காமல் சொன்னார்.

“என்னயக் கொல்ல வந்தத எதுக்கு வளக்கணும், தங்கச்சி?” என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

“உங்க உடம்புல குடுத்துப் பாக்க முடியாத மருந்தெல்லாம் அதுக்குக் குடுத்துப் பாக்கலாம்,” என்றார் டாக்டரம்மா. அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். விரல்கள் மரத்துப்போனதால், அவர் சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட்டேன். கடைசி ஊசி அன்று அண்ணன், “அது வளருதா?” என்று விசாரித்தார்.

டாக்டரம்மா கணினியில் படம் காட்டினார். அண்ணனின் கட்டித் துணுக்கிலிருந்து வளர்ந்த, உள்ளே குழிவான குட்டிக் குட்டி உருண்டைகள். நிஜத்தில் கடுகைவிடச் சிறியவையாம். அண்ணனுக்கு ஏற்றிய மருந்துக்கு அந்த உருண்டைகளில் பாதிதான் செத்திருந்தன. வேறொரு புது மருந்துக்கு அநேகமாக எல்லாமே செத்திருந்தன.

“அப்ப அதையே இவுகளுக்கு ஏத்தியிருக்கலாமே?” என்று நான் சத்தம் போட்டேன்.

“மனுசங்களுக்குக் குடுக்க அதுக்கு இன்னும் அனுமதி வரலம்மா.”

அண்ணன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “எனக்குத்தான் ஊசின்னா பயம். அது எத்தன குத்துனாலும் ஏன்னு கேக்காது. நல்லா வளத்துப் பாருங்கம்மா,” என்றார்.

அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார். விரல்களில் மரப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.