2.718281828: ஒரு நினைவூட்டல்

வந்த கடிதத்துக்கு இறுதிப் பதில் தர இயலாவிட்டால் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும் என்பது அலுவலக நடைமுறை. பெற்ற மகளை அது கட்டுப்படுத்தாது.

மகள் புனேயில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். அவள் அம்மா இறந்துபோன பிறகு ஞாயிறுதோறும் என்னைக் கூப்பிட்டாள். சில ஞாயிறுகள் தொடர்ந்ததும் அதை விதி என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு நின்றுவிட்டது. நானாகக் கூப்பிட்டிருக்கலாம். கடிதத் தலைப்பில் 'பொருள்' குறிப்பிடாமல் எதையும் அனுப்பிப் பழகாதவன். ஆகவே ஒரு பொருளைத் தயாரித்தேன்.

நான் மழைமானிப் பதிவுகளைச் சரிபார்த்து ஓய்வுபெற்றவன். மழையை அளக்காமல் வீட்டிலிருந்தே பொய்க்கணக்கு எழுதுபவன், ஒரே எண்ணை அடுத்தடுத்து எழுதக் கூச்சப்படுவான். மழைக்கு அந்தக் கூச்சம் கிடையாது. மகளின் பாடத்தில் வரும் e என்ற எண்ணுக்கும் கிடையாது. என் கால்குலேட்டரில் அது 2.718281828. 1828, மறுபடி 1828. அதோடு திரையில் இடம் தீர்ந்துவிடும். 'இது மீள்கிறதே, எப்படி விகிதமுறா எண்? விளக்கம் தேவை' என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். அடுத்து வருவது 459045 என்பது எனக்கு மனப்பாடம்.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். இன்னொன்றும் அனுப்பினேன்.

எங்கள் ஊர்க் கோயில் மலையடிவாரத்து டீக்கடைக்காரர் கவனித்துவிட்டார்.

"இன்னா சார், போனையே பாத்துகினு கீறீங்க? பொண்ணா?"

"ஆங். கணக்குல ஒரு சந்தேகம் கேட்டிருக்கேன்."

"ரிட்டேராயும் பொண்ணுக்கு மெமோ குடுக்கறீங்களே! எனக்கு வந்திருந்தா நானும்தான் பதில் போடமாட்டேன்."

"மெமோ இல்லய்யா, நினைவூட்டல்."

"அது வேறயா!" என்று கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

நினைவூட்டலுக்கும் அசையாத இடத்துக்கு நேர்முகக் கடிதம் என்று ஒன்று உண்டு. அதில் மட்டும் பெயர் சொல்லி அழைக்கலாம், 'நான்' என்று எழுதலாம். மேலதிகாரிகளுக்கு நிறைய எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு இதுதான் முதல். 'அந்த எண் மீளாது என்று தெரியும். ஒருவனுக்குச் சோறு வைக்க அளவு இன்னும் பிடிபடவில்லை. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. நீ பேசினால் நன்றாயிருக்கும்.' அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

காவடிக் கூட்டத்தில் தெருவே அடைபட்டிருந்தபோது போன் அதிர்ந்தது. 'உங்களுக்குத் தெரியும்னு அன்னிக்கே தெரியும் நைனா. நீங்களா எதாச்சும் பேசுவீங்களான்னுதான் பாத்துகினு இருந்தேன். சாயந்திரம் கூப்புடறேன்.'

பதில் கிடைத்த தேதி: ஆடிக் கிருத்திகை.