குசினித் தொலைபேசி இலக்கம்

நாடுகளின் இணையம் வேலை செய்கிறதா என்று கண்காணிப்பதுதான் என் உத்தியோகம். புலம்பெயர்ந்து வந்த நோபல் பார்க் வீட்டில் இருந்தபடியே திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கிழமை ஒரு நாட்டின் கோடு அடியோடு படுத்துக் கிடந்தது. அங்கே அரசாங்கம் நாடு முழுவதும் இணையத்தை நிறுத்தியிருந்தது. வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பும் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அந்த நாட்டவர். அவருடைய அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தார். இவருக்கு இங்கே முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை. வேலை நேரத்தில் கைபேசியை லொக்கரில் பூட்டிவிட வேண்டும். அதனால் குசினித் தொலைபேசி இலக்கத்தை ஒரு மஞ்சள் துண்டில் எழுதித் தந்து, கோடு அசைந்தாலே போதும், உடனே அழைப்பு எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டார். அதைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தேன்.

ஆறாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்குக் கோடு எழும்பியது. நானும் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன். திரையைப் படம் பிடித்து அலுவலகக் குழுவுக்கு அனுப்பினேன். முதலில் கண்டது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியவேண்டாமா! பாராட்டுகள் வந்து குவிந்தன.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, அவவுக்குக் கோல் எடுத்துச் சொல்லுங்கோவன்."

"பொறும். அரை மணித்தியாலம் நிக்கட்டும்."

எங்கள் தொழிலில் அது வழக்கம். கோடு அரை மணித்தியாலம் விழாமல் நின்றால்தான் இணைப்பு திரும்பியது என்று அறிவிப்போம். முந்தி ஒருமுறை அவசரப்பட்டு மூக்குடைபட்டவன் நான். ஆனால் அது உலகத்துக்கு அறிவிப்பதற்கான விதி, பக்கத்து வீட்டுக்கு அல்ல. அது எனக்கு அப்போதே தெரியும்.

இருபத்திரண்டாம் நிமிடம் கோடு விழுந்தது.

வேலை முடிந்து வந்தவர் நேரே எங்கள் வாசலில் நின்றார். கைபேசியில் அப்பாவின் ஏழு அழைப்புகள், ஒன்றும் எடுபடாமல். திருப்பி எடுத்தால் போகவில்லை. இணைப்பு சில நிமிடம்தான் வந்திருக்கும், உங்கள் திரைக்கே தெரிந்திருக்காது, இல்லையா என்று பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்தார். நான் ஆமென்று தலையாட்டினேன். மனைவி உள்ளே போய்விட்டாள்.

எங்கள் நாட்டுச் சண்டைக் காலத்தில், வன்னியிலிருந்து வரக்கூடிய ஓர் அழைப்புக்காகக் குளியலறைக்குள்ளும் கைபேசியைக் கொண்டுபோனவன் நான். அப்படிப்பட்ட நான்தான் தலையாட்டினேன். நினைக்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நாலு நாள் கழித்துக் கோடு மறுபடி எழும்பியது. இந்த முறை ஒரு நிமிடமும் பொறுக்காமல் குசினிக்கு எடுத்தேன். அவர் அங்கிருந்தே வீட்டாரோடு பேசினார். அப்பாவை அடக்கம் செய்து மூன்று நாளாகிவிட்டது என்று தம்பி சொன்னாராம்.

அடுத்த கிழமை ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழ இனிப்போடு வந்தார். முதல் நிமிடமே கூப்பிட்டீர்களே, வேறு யார் செய்வார்கள் என்று கண் கலங்கினார்.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சொல்லுங்கோ" என்றாள் தமிழில்.

நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, நல்ல ருசி என்றேன்.