விலைபோகாத நாலு பத்மினி

மரக்காணத்தில் கார் விற்கக் கடை போட்ட ஒரே மனிதர் தனகோடி. 'உப்பு வாருகிற ஊரில் காரா?' என்று திண்டிவனத்துக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் பின்னால் அவரிடமே வந்து பத்மினி கார் வாங்கிப்போனது வேறு கதை. அந்தக் கடைக்குச் சென்னையிலிருந்து புது வண்டிகளை ஓட்டிவந்தவர்தான் ஆரோக்கியராஜ்.

பாவம், என்ன வேலை பாருங்கள்! ஒவ்வொரு காரையும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஓட்டலாம். சென்னையில் வாங்கிய சாவியை மரக்காணத்தில் கொடுத்துவிட வேண்டும். வழியில் பின் சீட்டில் யாரையும் ஏற்றக்கூடாது. வாங்குகிறவர் வீட்டு அம்மாதான் அதில் முதலில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ராசி போய்விடும் என்பது முதலாளியின் சட்டம். அப்படி நூற்றுச் சொச்சம் தடவை காலி சீட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர் ஆரோக்கியராஜ்.

அவர் மனைவி லீமா உப்பளத்தில் கூடை தூக்கியவள். ஒருநாள் மதியம் கடைக்குச் சோறு கொண்டுவந்தவள், உள்ளே நின்ற சந்தனக் கலர் பத்மினியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். சோறு ஆறிப்போனது.

"யோவ், இதுல ஒரு தபா குந்தணும்யா" என்றாள்.

"வாங்குறவன் வரட்டும். அவன் பொண்டாட்டி குந்தட்டும். அப்புறம் கேட்டுப் பாக்கலாம்" என்றார் இவர்.

வாங்குகிறவன் வரவே இல்லை. ஊரெல்லாம் மாருதி ஓட ஆரம்பித்தது, பத்மினியைச் சீந்த ஆளில்லை. தனகோடியும் தொண்ணூற்றாறில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மகன்கள் இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். தீர்ப்பு வரும்வரை உள்ளே இருப்பதை யாரும் விற்கக்கூடாது என்று ஷட்டர் இறங்கியது. நாலு பத்மினி உள்ளேயே நின்றது. பின்பக்கக் கதவின் சாவி மட்டும் காவலுக்கு என்று ஆரோக்கியராஜிடம் இருந்தது. சம்பளம் இரண்டு வருஷம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. மனுஷன் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. லீமாவை அதில் ஒரு தடவை உட்கார வைக்கவும் இல்லை, முதலாளி போனாலும் சட்டம் சட்டம்தான்.

அவர் உப்பு லாரி ஓட்டப் போனார். இந்தக் கரையில் லாரி வைத்திருப்பவர்களுக்குச் சனிக்கிழமை ஒரு வேலை உண்டு. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சேஸ் என்கிற அடிச்சட்டம் முழுக்க வேஸ்ட் ஆயிலைத் துணியால் பூச வேண்டும். ஒரு மழைக்காலம் பூசாமல் விட்டால் போதும், உப்புக்காற்று இரும்பை அப்பளமாக்கிவிடும். லாரிக்குப் பூசி மிஞ்சிய ஆயிலை ஒரு டப்பாவில் பிடித்துக்கொண்டு ஆரோக்கியராஜ் கடையின் பின்கதவைத் திறப்பார். முதலில் நாலு காருக்கும் பூசினார். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு ஒன்றே ஒன்றுக்குத்தான் முடிந்தது. எந்த ஒன்று என்று நான் சொல்லவும் வேண்டுமா?

போன வருஷம் தீர்ப்பு வந்தது. கட்டடமும் உள்ளே நின்றதும் இளைய மகன் ராஜவேலுக்கு. இடித்துவிட்டு ஓட்டல் கட்டப்போகிறான். ஷட்டரைத் தூக்கியதும் எவனோ போட்டோ எடுத்துப் போட, பழைய கார் சேர்க்கிற சென்னைக்காரர் ஒருவர் போன் பண்ணினார். மழை முடிந்ததும் வந்து பார்க்கிறேன், நல்லதை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

ராஜவேல் நல்ல பையன். "அண்ணே, அவரு வேணாம்னு தள்ளுறது உனுக்குத்தான். இத்தினி வருஷம் காத்தியே" என்றான்.

அன்றைக்கு லீமா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"த பாரு. மழை முடியுற வரைக்கும் சந்தனக் கலரத் தொடாத. ஆயில் பூசாம வுடு. அடியில கொஞ்சம் துரு பூத்தா அந்தாளு வேணாம்னுடுவான். நாம தகரம் வச்சு வெல்டு அடிச்சுக்கலாம். வண்டி நம்மளுது."

"ஆவட்டும்" என்றார் ஆரோக்கியராஜ்.

மூன்று சனிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நாலாவது சனிக்கிழமை மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். டார்ச் அடித்துக் குனிந்தார். கதவுக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. அவ்வளவுதான், கை கேட்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆயில் பூசி, பூசியது பூசியாயிற்று என்று மொத்த வண்டிக்கும் பூசிவிட்டுத்தான் எழுந்தார்.

வீட்டு வாசலிலேயே லீமாவுக்கு வாடை தெரிந்துவிட்டது.

"போனியா?"

"போனேன்."

அவள் தட்டை நங்கென்று வைத்தாள். அடுத்த சனிக்கிழமை அவர் டப்பாவை எடுத்தபோதும் தடுக்கவில்லை. திருத்த முடியாத ஜென்மம் என்று விட்டுவிட்டாள் போல.

தை பிறந்ததும் சென்னைக்காரர் வந்தார். லீமா கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு கடைவாசலில் நின்றாள். ஆசை யாரை விட்டது? முதல் காரின் அடியில் சென்னைக்காரர் விரலை வைத்தார், விரல் உள்ளே போனது. இரண்டாவதில் தரையே இல்லை. மூன்றாவதின் கதவு கையோடு வந்தது. அப்படியே இதைப் பார்க்காமலே போய்விடேன் என்று ஆரோக்கியராஜ் மனசுக்குள் கெஞ்சினார். சென்னைக்காரர் போகவில்லை. நாலாவது காரின் அடியில் படுத்து, டார்ச் அடித்து, ஒரு மூலை விடாமல் தடவிப் பார்த்தார்.

வெளியே வந்து கேட்டார். "யாருங்க இத இப்படி வச்சிருந்தது?"

ராஜவேல் பெருமையோடு கையைக் காட்டினான். "இதோ, எங்க அண்ணன்தான்."

"பெரியவரே, இத்தனை வருஷமா கார் சேர்க்கிறேன், இந்த மாதிரி அடிப்பக்கம் நான் பாத்ததே இல்ல. இது ஒண்ணு போதும் எனக்கு."

ராஜவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப்போய், "அண்ணே, மீதி மூணையும் நீயே எடுத்துக்கண்ணே" என்றான். மூன்று குப்பை! ஆரோக்கியராஜ் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்?

டயர் வீணாகிவிட்டதால் கல் அடுக்கி ஏற்றி வைத்திருந்த வண்டியை இறக்கி வேறு டயர் மாட்டினார்கள். ஸ்டார்ட் பண்ணக்கூடாது, தள்ளித்தான் ஏற்ற வேண்டும் என்றார் சென்னைக்காரர். ரோட்டோரம் நின்ற டிரெய்லர் வரை நூறு அடி. உப்பு மூட்டை ஏற்றுகிற ஆறு பேர் வந்தார்கள். ஸ்டியரிங் பிடிக்க ஆரோக்கியராஜைக் கூப்பிட்டார்கள்.

அவர் சென்னைக்காரரிடம் போய் நின்றார். வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன்.

"சார், என் வூட்டுக்காரம்மா பின்னாடி குந்திக்கட்டும்ங்க. டிரெய்லர் வரைக்கும்."

"தாராளமா" என்றார் அவர்.

லீமா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். சீட்டின் பிளாஸ்டிக் உறை மொறுமொறுவென்று சத்தம் போட்டது. ஆறு பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ள, வண்டி நகர்ந்தது. ஆரோக்கியராஜ் கண்ணாடியில் பார்த்தார். அவள் வெளியே வேடிக்கை பார்த்தாள். டீக்கடை, பஸ் ஸ்டாப், ஒரு தண்ணீர்த் தொட்டி. நூறு அடிதானே, எவ்வளவு மெதுவாகப் போனாலும் முடிந்துவிட்டது.

அவள் முன்னால் சாய்ந்து அவர் காதோரம் சொன்னாள். "அன்னிக்கு நீ போகாம இருந்திருந்தா இது நம்ம வண்டிய்யா."

"போகாம இருந்திருந்தா இது வண்டியே இல்லடி" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

டிரெய்லர்க்காரன், "அம்மா, இறங்குங்கம்மா" என்றான். லீமா கையிலிருந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "இருப்பா, இறங்குறேன்" என்றாள். இறங்கவில்லை.