ஈக்களுக்காக ஒரு ஜெபம்

வியாபாரம் படுத்தவர்கள் ஈ ஓட்டுவார்கள்; நாகர்கோவிலில் நான் ஈ வளர்க்கிறேன். ஐந்தாம் வருடமும் ஆய்வேட்டை முடிக்காமல், உறவினர் கல்யாணங்களில் ஒளிந்து நடக்கும் சகபாடிகளே, இது உங்களுக்குத்தான்.

சாக வேண்டியவை

செலினியம் கலந்த புரதங்கள் பழ ஈயின் உடம்பில் துளியளவுதான் உண்டு. அவற்றை உண்டாக்க உதவும் மரபணுவை எடுத்துவிட்டால், புழு ஈயாக மாறாமலே செத்துப்போக வேண்டும். அப்படி மரபணு இல்லாத புழுக்களைப் பொறுக்கித் தனிக் குப்பியில் விட்டிருந்தேன். அவை செத்தால்தான் எனக்குக் கடைசி அத்தியாயம்.

அம்மாவிடம் இதை விளக்கவில்லை. "புழுவுக்காகக் காத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெப விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். போதகர் ஒலிபெருக்கியில் உருகினார்: "ஆண்டவரே, இந்த மகளின் கையிலிருக்கும் ஒரு புழுவும் அழியாதபடி காத்தருளும்."

பிழைத்துவிட்டவை

சில நாளில் அந்தக் குப்பிக்குள் ஈக்கள் பறந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் புரதம் இல்லாமலே ஈ வளருமென்றால் இத்தனை வருட உழைப்பும் வீண். உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்து மேசை ஜென்சி, குளச்சல்காரி, அந்த ஈக்களைச் சோதித்தாள். நான் எடுத்திருந்த மரபணு அவற்றில் பத்திரமாக இருந்தது. புழு பொறுக்கிய அன்று அம்மா கொடுத்தனுப்பிய மட்டிப்பழச் சீப்பை மேசைமேல் வைத்திருந்தேன். அதை மொய்த்த ஊர் ஈ ஒன்று, திறந்திருந்த குப்பியில் முட்டையிட்டிருக்கிறது. என் புழுக்கள் அடியில் கறுத்துக் கிடந்தன. ஜென்சி சொன்னாள்: "அழாதட்டி, உனக்க புழு ஒழுங்காத்தான் செத்துருக்கு. இது பழத்துக்கூட வந்த விருந்தாளியாக்கும்."

அன்றே வீட்டுக்குப் போய், என் புழுக்கள் சாகத்தான் வேண்டும் என்று சொல்லி ஜெபத்தை நிறுத்தச் சொன்னேன்.

பிழைக்க வேண்டியவை

என் பேராசிரியருக்குப் புழு செத்தது மட்டும் போதவில்லை. எடுத்த மரபணுவைத் திரும்ப வைத்தால் புழு பிழைக்க வேண்டும். அப்போதுதான் முன்பு செத்ததற்கு அந்த மரபணு இல்லாததே காரணம் என்று ஒப்புக்கொள்வாராம். மறுபடி குப்பி, மறுபடி காத்திருப்பு. இந்த முறை எனக்கே பயமாக இருந்தது.

அம்மா சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஜெபத்தைத் திரும்பத் தொடங்கும்மா, இந்தப் புழு எல்லாம் பிழைக்கணும்" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்: "போன மாசம் சாவணும்னு சொன்ன, இப்ப பிழைக்கணும்னு சொல்லுக. கர்த்தர்ட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிட்டுக் கேக்க மக்ளே?"

ஆனாலும் கேட்டிருக்கிறாள் போல, ஈக்கள் சிறகோடு வந்தன; நன்றியுரையில் செலினியத்துக்கு முன்னால் அம்மா பெயரைப் போட்டேன், மட்டிப்பழத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.