மழை பெய்யாத சுவருக்குப் பலகை

என் அக்கா புருஷன் பலகைச் சுவர் போடுகிறவர். வீட்டு வெளிச்சுவரில், ஓடு வேய்வதுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி நீளப் பலகைகளை அடித்து, மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அந்த வேலை. இப்போதெல்லாம் வசதியுள்ளவர்கள் அதைக் கூடத்துக்குள், சோபாவுக்குப் பின்னால் அடிக்கச் சொல்கிறார்கள். அங்கே என்ன மழையா பெய்கிறது? கேட்டால், அழகாம்.

பலகைகளைத் தேய்த்து எண்ணெய் பூசிக் கொடுப்பது அக்கா. கல்யாணமான நாளிலிருந்து இதே வேலை. முகம் சுளித்ததில்லை.

அவர்கள் வீட்டுத் தெருப்பக்கச் சுவருக்கு மட்டும் பலகை கிடையாது. பலகை அடிப்பதற்கென்று அத்தான் வரிசையாகக் கட்டைகளைப் பொருத்தினார், அதோடு சரி. சாரல் அடித்தால் முன்னறையில் ஓதம் ஏறும். அங்கேதான் மகள் படுக்கிறாள். பிள்ளைக்கு மூச்சிழுப்பு. அக்கா கெஞ்சும்போதெல்லாம், "அடுத்த வாரம் அடிச்சிடறேன்" என்பார்.

போன மாதம் ஒரு வேலையில் மிஞ்சிய பலகைகள் வீட்டுக்கு வந்தன. அக்காவுக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அத்தனையையும் முன்னறைக்கு உள்ளே, அந்த ஈரச் சுவரின் மேலேயே அடித்தார்.

"வேலை குடுக்க வர்றவங்க பாக்கணும்ல? கறையும் மறைஞ்சிடும்."

கறை மறைந்தது. பலகைக்குப் பின்னால் பூஞ்சை பிடித்து, பிள்ளை முன்னைவிட மோசமாக இழுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

நேற்று அவர் வேலைக்குப் போனதும் அக்கா கடப்பாரையை எடுத்தாள். உள்ளே இருந்த பலகைகளைப் பெயர்த்து, வெளிச்சுவரில் அடித்தாள், அதுவும் தலைகீழாக. ஒவ்வொரு பலகையின் மேல்விளிம்பும் வாயைப் பிளந்துகொண்டு மழையை வா வா என்றது.

சாயங்காலம் தெருவில் நின்று பார்த்த அத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு அடிச்சது இது? தண்ணி பூரா உள்ளதானே இறங்கும்! தெருவே சிரிக்குமே!"

"நான்தான். தெரிஞ்சேதான் அடிச்சேன்," என்றாள் அக்கா.

கையைக்கூடக் கழுவாமல் ஏணியைச் சாத்தினார். எல்லாவற்றையும் பிடுங்கி, கீழிருந்து ஒழுங்காக அடிக்கத் தொடங்கினார்.

"பிள்ளை இழுத்தப்போ வராத ரோஷம், பலகைக்கு வருது பாருடி," என்றாள் அக்கா, ஏணிப் பக்கத்தில் நின்றிருந்த என்னிடம்.

ஏணி ஆடியது. நான் அசையவில்லை. அக்காதான் ஓடிப்போய்ப் பிடித்தாள். எனக்கு அதுவும் ஆத்திரமாகத்தான் வந்தது.