கைராசி என்று நான் சொன்ன பொய்

ஒரு பெண்ணுக்குக் கைராசி இல்லை என்று ஊரார் முன் பொய் சொன்னேன். மர ஆராய்ச்சியில் சம்பளம் வாங்கியவன் நான். ராசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அந்த ஊருக்கு உண்டு என்று தெரிந்துதான் சொன்னேன்.

தரங்கம்பாடிக்கு மேற்கே ஒரு கிராமம். சீக்கிரம் பருத்து நேராக வளரும் சவுக்கு ரகம் ஒன்றை அங்கே சோதித்துக்கொண்டிருந்தோம். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணக் கன்றுகளும் வேண்டும். ஒவ்வொரு வயலிலும் இரண்டையும் நடுவதுதான் முறை. பண்ணைக்காரர்கள் சாதாரணக் கன்றைத் தொடவே மாட்டோம் என்றார்கள். கேள்வி கேட்காத ஒரு வயல் எனக்குத் தேவைப்பட்டது. கூலி வேலை செய்து, அப்போதுதான் கொஞ்சம் மேட்டு நிலம் வாங்கியிருந்த ஒரு பெண்ணின் வயலில் சாதாரணக் கன்றுகள் எல்லாவற்றையும் வைத்தேன். புது ரகம் என்றே அவரிடம் சொன்னேன்.

ஊரில் நடவு தொடங்கும்போது முதல் நாற்றை அவர்தான் ஊன்றுவார். அவர் கை பட்டால் விளையும் என்று தேடி வந்து கூப்பிடுவார்கள்.

சில வருஷம் கழித்து, வளர்ந்த மரங்களை ஊராருக்குக் காட்ட வயல்விழா நடத்தினோம். மற்ற வயல்களில் மரங்கள் கம்பம் போல நின்றன. அவர் வயலில் எல்லாம் ஒல்லி, கோணல்.

"என்னாடி, சவுக்கு வளக்கச் சொன்னா துவரங்குச்சி வளத்து வச்சிருக்க?" என்றார் ஒரு பண்ணைக்காரர். கூட்டம் சிரித்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே கன்னுதான சார் குடுத்தீங்க?"

என் மேலதிகாரி பக்கத்தில் நின்றார்.

"ஒரே கன்னுதாம்மா. சில பேருக்குக் கைராசி அமையாது" என்றேன்.

மறுபடி சிரித்தார்கள். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சம்பாவில் முதல் நாற்றை வேறொருத்தி ஊன்றினாள். பிறகு நடவுக்கே அவரைச் சேர்க்கவில்லை. களையெடுக்க மட்டும் கூப்பிட்டார்கள். "புடுங்குறதுக்கு ராசி எதுக்கு" என்று அவர் காதுபடவே பேசினார்களாம். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

ஓய்வு பெற்ற பின் நல்ல ரகக் கன்றுகளோடு போனேன். டீக்கடை வாசலில் ஆட்கள் இருக்கும்போது, அவரையும் வரச் சொல்லி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

அதே பண்ணைக்காரர் தலையாட்டினார். "பெரிய மனசு சார் உங்களுக்கு. கெழவி மனசு நோவக் கூடாதுன்னு பழிய உங்க தலையில போட்டுக்கிறீங்க."

"இல்லைங்க. நடந்ததே அதுதான்."

"சரி சரி, அதுதான். டீ ஆறுது, குடிங்க."

அந்த அம்மாவாவது நம்புவார் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க சார்" என்றார். "வீட்டுல ஒரு முருங்கைகூட வச்சதில்ல நான். என் கை பட்டா பட்டுப்போயிடும்."

ஒரு கன்றை நீட்டினேன். கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நல்ல கன்னு. வேற யார்கிட்டயாவது குடுங்க."

பண்ணைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். நன்றாக வந்திருக்கிறது என்று போன மாதம் போன் செய்து சொன்னார்.