பெரியவளின் பதிமூன்றாயிரம் அடிகள்

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. சின்னவள் எங்கள் பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருப்பவள். நான் உள்ளே எக்ஸ்ரே எடுப்பவன். நடந்ததில் பாதி என் கண் எதிரே நடந்தது. மீதியை அவளே சொன்னாள். நேரமெல்லாம் அவள் போனில் பதிவாகியிருந்தது, நான் பார்த்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

சின்னவள் என்பது மாமியார் வைத்த பெயர். மூத்த மகனுக்கு வாய்த்தவள் பெரியவள், இளையவனுக்கு வாய்த்தவள் இவள். ஆறு வருஷமாக எதிலும் பெரியவள்தான் ஒரு படி மேல். பெரியவ மடிச்ச துணியைப் பாரு, பெரியவ பேசற பாங்கைப் பாரு. கேட்கும்போதெல்லாம் சின்னவளுக்கு வயிறு எரியும். முகத்தில் மட்டும் சிரிப்பு மாறாது.

மாமியாருக்கு இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு வருஷமாக அவர் சக்கர நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நடந்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். முடியாது என்றார் அவர். நாலு பேர் நடப்பதைப் பார்த்தாவது ஆசை வரட்டுமே என்று, மாமியாரோடு இருக்கும் நாத்தனார் ஒரு காரியம் செய்தாள். எல்லோர் போனிலும் அடி எண்ணும் ஆப்பை இறக்கி, குடும்பத்துக்கென்று ஒரு குழு போட்டாள். தினமும் பட்டியல் வரும்.

முதல் பட்டியல் வந்தது. பெரியவள் 13,040. நாத்தனார் 5,212. சின்னவள் 2,116. மாமியார் பூஜ்யம்.

சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுக்க ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் இவள். பெரியவளோ வீட்டில் உட்கார்ந்தபடி புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். மறுநாளே போனை எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போய் நின்றாள்.

கடைக்காரர் நாலு தட்டு தட்டிப் பார்த்தார். “பேட்டரி சேமிப்புல போட்டிருக்கீங்க. திரை அணைஞ்சா ஆப்பும் தூங்கிடுது. அதோட கைப்பையில வெச்சா பாதிதான் எண்ணும். உடம்போட வெச்சுக்கணும்.”

அமைப்பை மாற்றிக் கொடுத்தார். அன்றைக்கு 6,300.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனாள். “இன்னும் ஏறணும்னா என்ன பண்ணணும்?”

“நடக்கணும்மா.”

“நடக்காம ஏற வழி இருக்கா?”

“தொட்டில்ல போட்டு ஆட்டினா ஏறும். குலுங்கினாலே அடின்னு எண்ணிக்கும்.”

அவ்வளவுதான், பிடித்துவிட்டாள். பெரியவள் எதிலோ கட்டி ஆட்டுகிறாள். ஆப்பில் ஒவ்வொருவருக்கும் நேரவாரியாகக் கோடு தெரியும். பெரியவளின் கோடு காலை முழுக்கத் தரையோடு கிடந்தது. பிற்பகல் 3:10க்குக் கிளம்பி மலைபோல் எழுந்தது. எல்லா நாளும் 3:10. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டாள். பெரியவள் வீட்டு வாசலில் அவள் நின்றபோது மணி 3:02.

கதவைத் திறந்த பெரியவளை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. கண்ணைச் சுற்றிக் கருப்பு. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

“சொல்லாம வந்திருக்கே.”

“சும்மாதான் அக்கா.”

போன் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. தொட்டிலும் இல்லை, கயிறும் இல்லை. சின்னவள் அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

3:10.

திரையில் எண் மாறியது. 41... 42... 43...

மின்விசிறியின் அதிர்வாக இருக்கும் என்று அணைத்தாள். எண் நிற்கவில்லை. மேஜையில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தாள். கல் மாதிரி அசையாமல் இருந்தது மேஜை. எண் மட்டும் ஏறியது. 118... 119...

பெரியவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். “நான் நடக்கலை. ராத்திரி வரைக்கும் இப்படித்தான். போனை அணைச்சாலும் ஏறுது.”

வேறு யாராக இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பார்கள். சின்னவளுக்கு வந்தது வேறு. நடக்காமலேயே பதிமூன்றாயிரம். அதுவும் இவளுக்குத்தானா கிடைக்க வேண்டும்.

“உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுங்க அக்கா,” என்றாள். பாதி விளையாட்டு. பாதி விளையாட்டில்லை.

எண் நின்றது. 3:26.

பெரியவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நன்றி சொல்வது போல இருந்தது அந்த அழுகை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. 3:52க்குப் போனைப் பார்த்தாள். உட்கார்ந்த இடத்தில் ஏறிக்கொண்டிருந்தது. 900... 901... பஸ் குலுங்குகிறது என்று நினைத்தாள். சிக்னலில் பஸ் நின்றது. எண் நிற்கவில்லை.

அன்றைய பட்டியலில் சின்னவள் 12,806. பெரியவள் 412. மாமியார் தானே போன் செய்து, “பரவாயில்லையே சின்னவளே,” என்றார். ஆறு வருஷத்தில் அது முதல் தடவை.

ஆகவே அதை வைத்துக்கொண்டாள். தெரிந்தே வைத்துக்கொண்டாள். இதை என்னிடம் சொல்லும்போது தலை நிமிரவில்லை.

ஒன்பது நாள். பத்தாம் நாள், சனிக்கிழமை. காத்திருக்கும் அறையில் ஒருவரும் இல்லை. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். போன் காலையிலிருந்தே மேஜை டிராயருக்குள். 3:10.

தப்... தப்...

வெறுங்கால் தரையில் பதிகிற சத்தம். வாசல் பக்கமிருந்து.

கண்ணாடிக் கதவு சாத்தியே இருந்தது. அறை காலி.

தப்... தப்...

நாற்காலி வரிசையைத் தாண்டியது. மெதுவாக. கால் நோகிறவர் நடப்பது போல.

டிராயரை இழுத்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எண். 33... 34...

கவுன்டர் முன்னால் வந்து நின்றது.

எண்ணும் நின்றது.

எட்டிப் பார்த்தாள். யாருமில்லை.

தப்...

இந்த முறை கவுன்டருக்கு உள்ளே. அவள் பக்கத்தில்.

35.

நான் எக்ஸ்ரே அறையிலிருந்து வெளியே வந்தபோது, அவள் நாற்காலி மேல் ஏறி, சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. டிராயரில் கிடந்த போனைத்தான் பார்த்தேன். 36... 37... என் கண்ணால் பார்த்தேன்.

ஆப்பின் அனுமதிகளை எல்லாம் நான்தான் எடுத்துவிட்டேன். பிறகு ஆப்பையே நீக்கினோம். எண் போய்விட்டது. சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எத்தனை என்று தெரியாதது இன்னும் மோசம் என்று, அன்று சாயங்காலமே திரும்பவும் இறக்கிக்கொண்டாள். விட்ட இடத்தையும் தாண்டி எண் நின்றிருந்தது.

பெரியவளிடம் ஓடினாள். அவள் கதவைச் சங்கிலியோடு திறந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“இது உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

“மாடி வீட்டம்மா தினமும் எண்ணைக் காட்டுவாங்க. எனக்கும் இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன். வாயைத் திறந்துகூடக் கேட்கலை.”

“திரும்ப வாங்கிக்கோங்க அக்கா.”

“வேணும்னு தோணலையே,” என்றாள் பெரியவள். கதவு மூடியது.

அதற்குப் பிறகு சின்னவள் பார்த்தவரிடமெல்லாம் போனை நீட்டினாள். பல் வலியோடு வந்தவர்களிடம்கூட. எல்லோரும் நல்லது, நல்லது என்றார்கள். ஒருவருக்கும் தனக்கும் வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கும்தான். நான் அந்த எண்ணைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை 4:17க்கு மாமியார் போன் செய்தார். பேசும்போது தப்... தப்... என்று இவளுக்கு மேஜையடியில் கேட்டுக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

“நேத்தும் பதிமூணாயிரம் போட்டிருக்கே,” என்றார் அவர். “உன் காலை நினைச்சா எனக்குப் பொறாமையா இருக்கு சின்னவளே.”

சத்தம் நின்றது.

சின்னவள் வாயைத் திறந்தாள். வேண்டாம் அத்தை, அப்படி நினைக்காதீங்க என்று சொல்லியிருக்கலாம். எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

அன்றைய பட்டியலில் மாமியார் 9,430. அதைப் பார்த்ததும் முதலில் வந்தது பயமில்லை. அவர் முதலிடத்தில் இருக்கிறாரே என்ற எரிச்சல். அது அடங்கின பிறகுதான் பயந்தாள்.

மாமியார் யாரிடமும் குறை சொல்லவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. நாத்தனார் ஆப் பழுது என்று நினைத்துக் குழுவைக் கலைத்தாள்.

மூன்று வாரம் கழித்து நாத்தனார் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

அம்மாவைக் குளிப்பாட்ட நாற்காலியிலிருந்து தூக்கியிருக்கிறாள். ஒரு வருஷமாகத் தரையில் படாத பாதங்கள். அதுவரை பஞ்சு மாதிரி இருந்தவை.

இரண்டு குதிகாலும் வெடித்திருந்தன. அடியில் தோல் காய்த்துப் போயிருந்தது. விரல் இடுக்கில் ஈரமான செம்மண்.

அவர்கள் இருப்பது ஐந்தாவது மாடி.